முதல் ஊசிக்கு முன் ரத்தம்: ஒரு கொள்கைப் பிரகடனம்

தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளிலும் தனியார் நர்சிங் ஹோம்களிலும் வேலை பார்க்கும் செவிலியர்களும் ஆய்வக நுட்புநர்களும் மருத்துவர்களும், ரத்தத்தில் கிருமி ஏறிச் செத்துப் பிழைத்தவர்களும், பிழைக்காமல் போனவர்களின் வீட்டாரும் சேர்ந்து இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். எங்கள் கொள்கை சிறியது. ரத்தத்தில் கிருமி இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு ஒருவருக்கு ஆன்டிபயாடிக் ஊசி போடுவதானால், அந்த முதல் ஊசிக்கு முன் அவருடைய ரத்தம், கிருமியை வளர்த்துக் கண்டறியும் கல்ச்சர் பாட்டிலுக்குள் இறங்கியிருக்க வேண்டும். பாட்டில் தரும் பதில் தாமதமில்லாமல் அவர் கட்டிலுக்கு வந்து சேர வேண்டும். வந்த பதிலுக்கு ஏற்ப மருந்து மாற வேண்டும்.

இவ்வளவுதானா, இதற்கு ஓர் இயக்கம் வேண்டுமா என்று கேட்பார்கள். எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டுப் பாடத்திலேயே இருக்கிறதே என்பார்கள். உண்மை. ஆனால் பாடத்தில் இருப்பது ராத்திரி 11 மணிக்கு வார்டில் நடப்பதில்லை. பாட்டில் ஸ்டாக் இல்லை, லேப் பூட்டியிருக்கிறது, ஒரே டியூட்டி டாக்டர் மூன்று வார்டு பார்க்கிறார். "முதல்ல ஊசியைப் போடுங்க சிஸ்டர், மத்ததைக் காலையில பார்த்துக்கலாம்" என்கிறார். அவரைக் குறை சொல்ல நாங்கள் கூடவில்லை. கைக்கெட்டும் இடத்தில் பாட்டில் இருந்திருந்தால் அவர் எடுத்திருப்பார் என்று நம்புகிறவர்கள் நாங்கள்.

வழக்கமாக நடப்பது என்ன? சர்க்கரை நோய் உள்ளவருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். மருந்துக்கடையில் அசித்ரோமைசின் வாங்கிப் போட்டுப் பார்க்கிறார், நிற்கவில்லை. பக்கத்து கிளினிக்கில் வைடால் டெஸ்ட் பார்த்து 'டைபாய்டு பாசிடிவ்' என்கிறார்கள். இரண்டு நாள் செஃப்ட்ரியாக்ஸோன் ஏறுகிறது. மூச்சு வாங்கத் தொடங்கியதும் தாலுகா மருத்துவமனை, அங்கிருந்து ரெஃபர் ஆகி மாவட்டத் தலைமை மருத்துவமனை, இல்லையென்றால் நகையை அடகு வைத்து நகரத்துத் தனியார் ஐ.சி.யு. அங்கேதான் முதல்முறையாகக் கல்ச்சர் எடுக்கப்படுகிறது. ஐந்தாம் நாள் ரிப்போர்ட்: 'வளர்ச்சி இல்லை.'

கிருமி இல்லை என்பதல்ல அதற்குப் பொருள். ஏற்கெனவே ஏறிய மருந்து கிருமியைப் பாட்டிலில் வளரவிடாமல் அமுக்கியிருக்கலாம். அதனாலேயே உடம்பை விட்டு ஒழித்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2019இல் வெளியான ஒரு வட அமெரிக்க ஆய்வு இதை நேராகவே அளந்தது. ஏழு அவசர சிகிச்சைப் பிரிவுகளில், தொற்றால் உறுப்புகள் கெடத் தொடங்கிய கடுமையான செப்சிஸ் நோயாளிகளிடம் மருந்துக்கு முன் ஒருமுறையும், மருந்து தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் இன்னொரு முறையும் ரத்தம் எடுத்தார்கள். முன்னதில் 31.4 சதவீதத்தினருக்குக் கிருமி வளர்ந்தது. அதே ஆட்களிடம் பின்னர் எடுத்ததில் 19.4 சதவீதம்தான். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே இப்படி என்றால், நான்கு நாள் மருந்துக்குப் பிறகு எடுக்கும் கல்ச்சரிடம் என்ன எதிர்பார்ப்பது? பதில் இல்லாத நிலையில், ஐ.சி.யு.வில் தொடங்கிய மெரோபெனம் என்ற உயர்வகை ஆன்டிபயாடிக்கை நிறுத்த மருத்துவர் பயப்படுகிறார். காய்ச்சல் திரும்பினால், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய கோலிஸ்டினைச் சேர்க்கிறார். குடும்பத்தின் பணம் கரைகிறது, சிறுநீரகமும் பாதிக்கப்படுகிறது.

உலகக் கணக்கு ஒன்றையும் இங்கே பதிகிறோம். 2017ஆம் ஆண்டில் உலகில் 4 கோடியே 89 லட்சம் பேருக்கு செப்சிஸ் வந்ததாகவும் 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்ததாகவும் 2020இல் லான்செட் இதழ் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. அந்த ஆண்டின் மொத்த மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. அதே 2017ஆம் ஆண்டு மே மாதம் உலக சுகாதார சபை செப்சிஸைத் தடுக்கவும் கண்டறியவும் நாடுகள் முன்வர வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் ஜெனீவாவில் நிறைவேறிவிட்டது. நாங்கள் அதைத் தருமபுரிக்கும் திருவாரூருக்கும் கொண்டுவரப் பார்க்கிறோம்.

செப்சிஸ் என்பது வெறும் கடுங்காய்ச்சல் அல்ல. கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடலின் பாதுகாப்பே நிலை தவறிச் சொந்த உறுப்புகளைக் கெடுக்கத் தொடங்கும் நிலை அது. மூச்சு வேகமாகும், பேச்சு குழறும், ஆள் அரைத்தூக்கமாகவே கிடப்பார், சிறுநீர் குறையும், பிரஷர் இறங்கும். வயதானவர்களுக்கும் பச்சைக் குழந்தைகளுக்கும் காய்ச்சலே இல்லாமலும் வரும். குழந்தை பால் குடிக்காமல் துவண்டு போவதே முதல் அடையாளமாக இருக்கலாம். இதைக் கண்டதும் 108ஐ அழைக்கத் தயங்கக் கூடாது என்று ஊர் ஊராகச் சொல்வது எங்கள் முதல் வேலை.

அடுத்தது ரத்தம் எடுக்கும் முறை. இதை விரிவாக எழுதுகிறோம், ஏனென்றால் எல்லாத் தோல்வியும் இங்கேதான் தொடங்குகிறது.

வயது வந்தவரின் ரத்தத்தில் கிருமி ஓடும்போதுகூட ஒரு மில்லிலிட்டருக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். பல நேரம் ஒன்றுக்கும் குறைவு. ஏரியில் நாலைந்து மீன்தான் இருக்கிறது என்னும்போது ஒரு குடம் தண்ணீர் மொண்டு பார்த்துவிட்டு ஏரியில் மீனே இல்லை என்று சொல்ல முடியுமா? இரண்டு மி.லி. ரத்தத்தைப் பாட்டிலில் விட்டுவிட்டுக் கல்ச்சர் நெகட்டிவ் என்பது அப்படிப்பட்டதுதான். ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. வேண்டும். காற்று தேவைப்படும் கிருமிக்கு ஒரு பாட்டில், காற்று ஆகாத கிருமிக்கு ஒரு பாட்டில், இரண்டும் சேர்ந்து ஒரு செட். வேறு வேறு இடத்தில் குத்தி இரண்டு செட் எடுக்க வேண்டும். 2007இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வின்படி, ஒரே செட்டில் சுமார் 73 சதவீதம் ரத்தத் தொற்றுகள்தான் பிடிபட்டன, இரண்டு செட்டில் ஏறத்தாழ 90, மூன்றில் 98. நம் ஊரில் ஒரே ஒரு பாட்டில், அதுவும் பாதி நிரம்பியது, எடுத்து அனுப்புவது வழக்கமாகிவிட்டது. இந்த வழக்கத்தை இயக்கம் ஏற்கவில்லை.

"எவ்வளவு ரத்தம்தான் எடுப்பீங்க, அவரே வெளுத்துப்போய்க் கிடக்கிறார்" என்று வீட்டார் கோபப்படுவது நியாயமாகவே தோன்றும். இரண்டு செட்டுக்கும் சேர்த்து 40 மி.லி.; ரத்ததானத்தில் ஒருவர் தருவது 350. இதைப் பொறுமையாகச் சொன்னால் சம்மதிக்காத குடும்பம் அரிது. சொல்வதற்குத்தான் வார்டில் யாருக்கும் நேரமில்லை. குழந்தைகளுக்கு எடைக்கேற்ப அளவு குறையும். பிறந்த குழந்தைக்கு 1 மி.லி.யாவது வேண்டும்.

இன்னும் சில நுணுக்கங்கள். பாட்டிலுக்குள் வெற்றிடம் இருப்பதால் ரத்தம் தானாக இழுபடும், எங்கே நிறுத்துவது என்று தெரியாது. ஆகவே குத்துவதற்கு முன்பே பாட்டிலின் பக்கத்தில் பேனாவால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். ட்ரிப்ஸுக்காகப் போட்ட பழைய வென்ஃப்ளானில் இருந்து எடுக்கக் கூடாது. குளோர்ஹெக்சிடின் கலந்த ஆல்கஹாலால் தோலைத் துடைத்துவிட்டு அது காயும்வரை காத்திருக்க வேண்டும். அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தைத்தான் நாம் தருவதில்லை. துடைத்த இடத்தில் நரம்பு எங்கே என்று மறுபடி விரலால் தடவினால் துடைத்தது வீண். பாட்டிலின் மூடியைக் கழற்றியதும் ரப்பரையும் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். ரத்தம் குறைவாகக் கிடைத்தால் காற்றுப் பாட்டிலுக்கு முதலிடம்.

இவற்றில் தவறினால் தோலில் குடியிருக்கும் சாதுவான கிருமிகள் பாட்டிலுக்குள் போய்ச் சேரும். ரிப்போர்ட்டில் ஸ்டஃபைலோகாக்கஸ் என்று வரும். ஒன்றுமில்லாதவருக்கு வேன்கோமைசின் ஏறும். நூறு கல்ச்சரில் மூன்றுக்கு மேல் இப்படி மாசுபடக் கூடாது என்பது உலகம் முழுவதும் ஏற்ற அளவுகோல். தன் மருத்துவமனையின் எண் என்ன என்று கேட்டால் சொல்லத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. ரத்தம் எடுப்பதைப் பயிற்சி இல்லாத கைகளிடம் தள்ளிவிட்டுப் பிறகு லேபைத் திட்டுவது நம் பழக்கம்.

எடுத்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. மற்ற சாம்பிள்களோடு சேர்த்து வைத்துவிடுகிறார்கள். வளர வேண்டிய கிருமி குளிரில் முடங்கிப்போகும். அறை வெப்பத்திலேயே வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள், கிருமி வளர்வதைக் கண்காணிக்கும் மெஷினில் ஏற்ற வேண்டும். பாட்டிலின் அடியில் உள்ள சென்சார் கிருமி வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை உணர்ந்து மாறும். பெரும்பாலான கிருமிகள் ஒன்றிரண்டு நாளுக்குள் குரல் கொடுத்துவிடும். மெஷின் இல்லாத இடத்தில் தினமும் பாட்டிலைத் தூக்கிக் கலங்கலைக் கண்ணால் பார்க்கும் பழைய முறையும் கல்ச்சர்தான், அதை ஏளனம் செய்ய வேண்டாம். மெஷின் மணி அடித்தால் கிராம் சாயம் ஏற்றிப் பார்த்து, ஒரு மணி நேரத்துக்குள் வார்டுக்கு போன் போக வேண்டும். போன் எடுத்தவர் யார், எத்தனை மணிக்கு என்பது ரிஜிஸ்டரில் ஏற வேண்டும். கிருமி ஊதா நிறக் கொத்தா, இளஞ்சிவப்புக் குச்சியா என்ற அந்த ஒரு வரித் தகவலே பல நேரம் மருந்தை மாற்றப் போதும். ராத்திரி 2 மணிக்கு மெஷின் அடித்த மணியைக் காலை 9 மணிக்குக் கேட்பது எங்களைப் பொறுத்தவரை சிகிச்சைத் தவறு.

இனி, துரித சோதனைகள். இவற்றுக்கு எங்களிடம் பகையும் இல்லை, பக்தியும் இல்லை. கல்ச்சர் பாட்டில் பாசிடிவ் ஆனதும் ஒரு மணி நேரத்தில் கிருமியின் பெயரையும், என்.டி.எம்., ஆக்ஸா-48 போன்ற எதிர்ப்பு மரபணு இருக்கிறதா என்பதையும் சொல்லும் மல்டிபிளெக்ஸ் பி.சி.ஆர். பேனல்கள் வந்துவிட்டன. வளர்ந்த காலனியைச் சில நிமிடங்களில் அடையாளம் காணும் மால்டி-டாஃப் கருவிகள் பெரிய மருத்துவமனைகளில் இருக்கின்றன. நல்லது. ஆனால் பேனல் தன் பட்டியலில் உள்ள கிருமியை மட்டுமே அறியும். தவிர, அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் மருந்தை மாற்ற ஓர் ஆள் வேண்டும். துரித சோதனைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான அலசல் இதைத்தான் காட்டியது: ஆன்டிபயாடிக் கண்காணிப்புக் குழு இருந்த மருத்துவமனைகளில் இறப்பு குறைந்தது, குழு இல்லாத இடத்தில் தெளிவான பலன் தெரியவில்லை. மெஷினுக்கு ரிப்பன் வெட்டுகிறவர்கள் அந்தக் குழுவுக்கு ஆள் போடுவதில்லை.

இதைவிட எங்களுக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ஐரோப்பிய அமைப்பான யூகாஸ்ட் வகுத்துத் தந்த துரித டிஸ்க் முறை. பாசிடிவ் ஆன பாட்டிலில் இருந்து நேராக ஒரு துளியை முல்லர்-ஹின்டன் அகார் தட்டில் பரப்பி, மருந்து டிஸ்க்குகளை வைத்து, 4, 6, 8 மணி நேரத்தில் வளையத்தை அளந்து எந்த மருந்து கேட்கும் என்று சொல்லிவிடலாம். தட்டு, டிஸ்க், அளவுகோல், பயிற்சி பெற்ற ஒரு டெக்னீசியன், அவ்வளவே தேவை. இன்னொரு நாள் காத்திருக்க வேண்டிய பதில் அதே ஷிஃப்டில் கிடைக்கும். கோடிக்கணக்கில் மெஷின் கேட்கும் முன் இதைச் செய்யும்படி எல்லா மருத்துவக் கல்லூரி ஆய்வகங்களையும் கேட்கிறோம்.

புரோகால்சிடோனின், சி.ஆர்.பி. என்ற ரத்தச் சோதனைகள் பற்றி ஒரே வாக்கியம்: அவை அழற்சியின் சூட்டை அளக்கும், கிருமியின் பெயரைச் சொல்லாது.

எங்கள் கொள்கையின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். பிரஷர் விழுந்து ஷாக்கில் வந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போயிருக்க வேண்டும். நரம்பு கிடைக்கவில்லை, பாட்டில் வரவில்லை என்று அவருக்கு ஊசியைத் தள்ளிப்போடுவது எங்கள் பெயரால் நடக்கக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கல்ச்சர் வசதி இல்லையா, ஊசியைப் போட்டு அனுப்புங்கள். ஆனால் எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதை ரெஃபரல் சீட்டில் எழுதுங்கள். 'ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது' என்று மட்டும் எழுதிய சீட்டு எதற்கும் உதவாது.

கல்ச்சர் எல்லாவற்றையும் பிடிக்காது என்பதும் தெரிந்ததே. செப்சிஸ் என்று சேர்க்கப்படுகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு முறையாக எடுத்தாலும் ஒன்றும் வளராது. உண்ணிக் காய்ச்சல் என்று நாம் சொல்லும் ஸ்க்ரப் டைஃபஸ் எந்தப் பாட்டிலிலும் வளராது. அதற்கு ஆளின் அக்குளையும் இடுப்பு மடிப்பையும் மார்புக்கு அடியையும் வெளிச்சம் வைத்துப் பார்த்து, கருப்புப் பொருக்குப் புண்ணைத் தேட வேண்டும். கடுமையான ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்ந்து கொடுப்பது ஒற்றை மருந்தைவிட மேல் என்று 2023இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய ஆய்வு நிறுவியது. உடம்பைப் பார்க்காமல் ரிப்போர்ட்டை மட்டும் பார்க்கும் மருத்துவத்துக்கு எங்கள் இயக்கம் வக்காலத்து வாங்காது.

மறுபக்கம், கல்ச்சர் இல்லாவிட்டால் பிடிபடவே பிடிபடாத நோயும் நம் மண்ணில் உண்டு. மெலியாய்டோசிஸ். சேற்றிலும் ஈர மண்ணிலும் வாழும் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லி என்ற கிருமி. 1912இல் ரங்கூனில் விட்மோரும் கிருஷ்ணசாமியும் விவரித்தது. மழைக்காலத்தில், வயலில் இறங்கும் சர்க்கரை நோயாளிகளைக் குறிவைக்கும். டி.பி. என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்த கதைகள் உண்டு. ஆய்வகத்தில் வளர்ந்தாலும் 'ஏதோ சூடோமோனாஸ்' என்று ஒதுக்கப்படும். ஜென்டாமைசினுக்கும் கோலிஸ்டினுக்கும் அடங்காமல், ஆக்மென்டினுக்கு அடங்கும் கிருமி வந்தால் நிமிர்ந்து உட்கார வேண்டும். பெயர் தெரிந்துவிட்டால் செஃப்டாசிடிமோ மெரோபெனமோ குறைந்தது பத்து நாள், பிறகு மூன்று மாதம் கோட்ரைமாக்சசோல். பரவலாகப் பயன்படும் ஒரு பி.சி.ஆர். பேனலின் பட்டியலில் இந்தக் கிருமி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

வைடால் பற்றியும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். 1896இல் வந்த சோதனை அது. டைபாய்டு பரவலாக உள்ள ஊரில் ஒரே ஒரு வைடால் ரிப்போர்ட்டை நம்ப முடியாது. கல்ச்சரும் டைபாய்டில் பாதிப் பேரைத்தான் காட்டும். ஆனால் காட்டும்போது எந்த மருந்து வேலை செய்யும் என்பதையும் சேர்த்தே காட்டும். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் 2016இன் கடைசியில் செஃப்ட்ரியாக்ஸோனுக்கும் கட்டுப்படாத டைபாய்டு கிளம்பியது உலகுக்குத் தெரிந்தது ரத்த கல்ச்சரால்தான். வைடாலை மட்டும் நம்பியிருந்தால் அது சாதாரண டைபாய்டாகவே எழுதப்பட்டிருக்கும். இந்த இயக்கத்தில் சேரும் மருத்துவர் ஒற்றை வைடாலை வைத்து யாருக்கும் டைபாய்டு என்று எழுத மாட்டார்.

சென்னைக்கு ஏற்கெனவே ஒரு பிரகடனம் உண்டு. 2010இல் லான்செட் தொற்றுநோய் இதழில் என்.டி.எம்.-1 பற்றிய கட்டுரை வந்தபோது, அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அந்த மரபணு கண்டறியப்பட்ட கிருமிகளில் 44 சென்னையைச் சேர்ந்தவை. பெயரில் உள்ள என்.டி. நியூ டெல்லியைக் குறிப்பதால், இதற்கு டெல்லியின் பெயரா என்று நாடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கூச்சல் அடங்கிய பின், 2012 ஆகஸ்டில் இந்திய மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, டாக்டர் அப்துல் கஃபூர் ஒருங்கிணைக்க, சென்னைப் பிரகடனத்தை எழுதின. முழுமையானதற்குக் காத்திராமல் செய்ய முடிந்ததிலிருந்து தொடங்குவது அதன் போக்கு. 2014 மார்ச் முதல் மருந்து விதிகளின் எச்-1 பட்டியல் நடைமுறைக்கு வந்து, மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்களையும் கார்பாபெனம்களையும் கடையில் விற்பதற்கான விதி கடுமையானது. சட்டம் கடைக்காரரைப் பார்த்தது. மருத்துவமனைக்குள், கட்டிலருகே, மருந்துக்கு முன் ரத்தம் எடுக்கப்பட்டதா என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. அந்த வரிசையில் அடுத்த அடியாகத்தான் எங்களை நினைத்துக்கொள்கிறோம்.

பச்சைக் குழந்தைகளைப் பற்றி அவசரமாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. டெல்லியின் மூன்று மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்த ஆய்வில், கல்ச்சரில் பிடிபட்ட கிருமிகளில் முதலிடம் அசினிடோபாக்டருக்கு, அடுத்தது கிளெப்சியெல்லா, பிறகு ஈ.கோலை. செப்சிஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பிறந்து 72 மணி நேரத்துக்குள் வந்தது. மேலைநாட்டுப் புத்தகம் பார்த்து ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் எழுதினால் இந்தக் கிருமிகளில் பல சிரிக்கும். நம் மாவட்டங்களின் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒவ்வொன்றும் தன் கிருமி எது என்று தானே தெரிந்து வைத்திருக்க வேண்டும். அந்த அறிவு அந்த 1 மி.லி. ரத்தத்தில்தான் இருக்கிறது.

அரசிடம் நாங்கள் கேட்பது: தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து கொள்முதலில் நாட்டுக்கே வழி காட்டியது, கல்ச்சர் பாட்டிலும் குளோர்ஹெக்சிடினும் எந்த வார்டிலும் எந்த இரவிலும் தீராதபடி பார்த்துக்கொள்ள அதனால் முடியும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் நுண்ணுயிரியல் ஆய்வகம் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும், அதற்கு ஆள் வேண்டும். தாய் மரணம் ஒவ்வொன்றையும் உட்கார்ந்து தணிக்கை செய்யும் வழக்கத்தை வளர்த்த மாநிலம் இது. செப்சிஸ் மரணத்துக்கும் அதே தணிக்கை வேண்டும். கல்ச்சர் எப்போது எடுக்கப்பட்டது, முதல் ஊசி எப்போது, பதில் எப்போது வந்தது, மருந்து எப்போது மாறியது, இந்த நேரங்கள் கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உயர்வகை ஆன்டிபயாடிக்குக்குப் பணம் கேட்கும் மருத்துவமனை கல்ச்சர் ரிப்போர்ட்டையும் சேர்த்து வைக்க வேண்டும். எடுக்க முடியாமல் போனால் காரணத்தை எழுதட்டும்.

தனியார் மருத்துவமனைகளுக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். ஐ.சி.யு.வின் ஒரு நாள் பில்லைவிடக் கல்ச்சர் செலவு குறைவு என்பது அவர்களுக்கே தெரியும்.

வீட்டாரிடம் ஒன்று கேட்கிறோம். பயப்படாமல் கேளுங்கள்: "சிஸ்டர், ஆன்டிபயாடிக் போடுறதுக்கு முன்னாடி கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தாச்சா?" கோபமாக வேண்டாம், சண்டையாக வேண்டாம். இரண்டு நாள் கழித்து இன்னொன்று: "கல்ச்சர்ல என்ன வந்துச்சு டாக்டர், மருந்தைக் குறைக்கலாமா?" டிஸ்சார்ஜ் ஆகும்போது ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி பைலில் வையுங்கள், அடுத்த முறை காய்ச்சல் வந்தால் அதை முதலில் நீட்டுங்கள்.

சேர விரும்புகிறவர்களுக்குச் சந்தா இல்லை. ஆன்டிபயாடிக் விற்கும் கம்பெனியிடமும் சோதனைக் கருவி விற்கும் கம்பெனியிடமும் பணமோ கூட்டத்துக்குச் சாப்பாடோ வாங்க மாட்டோம், பேனாகூட. ஒவ்வொரு வார்டும் மாதம் ஒருமுறை நான்கு எண்களைத் தர வேண்டும்: எடுத்த கல்ச்சர்களில் முதல் ஊசிக்கு முன் எடுத்தவை எத்தனை, இரண்டு செட் எடுத்தவை எத்தனை, பாட்டில்களில் சராசரி ரத்த அளவு எவ்வளவு, மாசுபட்டவை எத்தனை. ரத்த அளவை அறிய நிரப்பும் முன்னும் பின்னும் பாட்டிலைத் தராசில் வைத்தால் போதும். மோசமான எண்ணையும் மறைக்காமல் வார்டு கதவில் ஒட்ட வேண்டும். அதற்காக எந்தச் செவிலியர் மீதும் நடவடிக்கை எடுக்கும் நிர்வாகம் இந்த இயக்கத்தில் இருக்க முடியாது. முதல் பொதுக் கணக்கை உலக செப்சிஸ் நாளான செப்டம்பர் 13 அன்று வெளியிடுவோம். கீழே கையெழுத்துப் போடுகிறவர்கள் பெயரோடு தங்கள் வார்டின் பெயரையும் எழுதவும்.